வலம் சுற்றிய பம்பு

என் வீட்டில் எந்த சுவிட்சைப் போட்டால் எந்த பல்பு எரியும் என்று தெரியாமலே எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. வீடு என்னுடையதுதான். அருமனைக்கு மேற்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவில், கல்ஃப் காசில் கட்டியது. வாசலில் ‘ததேயுஸ் இல்லம்’ என்று எழுதியும் வைத்திருக்கிறது. ஆனால் லீவில் வருகிற ததேயுஸ் ஃபேனைப் போடப் போய் வாசல் லைட்டைப் போடுவான். மனைவி ஜெப்சி அடுக்களையில் நின்று சிரிப்பாள். விருந்தாளி மாதிரி சில வாரம் மீனும் மரச்சீனிக் கிழங்கும் தின்றுவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு மறுபடியும் ஓமான் பாலைவனத்துக்குப் போவேன்.

அங்கே எனக்கு வேலை பம்பில். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பம்பு என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய்க்காகப் பூமியைத் துளைக்கும்போது, அந்தத் துளைக்குள் சேற்றுக் குழம்பை அசுர அழுத்தத்தில் செலுத்துகிற பம்பு. அதில் பாதி குழம்பைத் தள்ளும். மறுபாதி, தள்ளுவதற்கான பலத்தைக் கொடுக்கும். பலம் கொடுக்கிற பாதிதான் என் ராஜ்ஜியம். மோட்டார் பெல்ட் போட்டுப் புல்லியைச் சுற்றும். புல்லி பல்சக்கரத்தையும், பல்சக்கரம் கிராங்கையும் சுற்றும். கிராங்கிலிருந்து மூன்று ராடுகள் நீண்டு மூன்று இரும்புக் கட்டிகளை முன்னும் பின்னும் தள்ளும். அந்தக் கட்டிக்குப் பெயர் கிராஸ்ஹெட். மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் எண்ணெயில் வழுக்கிப் போய்வரும். மிதிக்கிற தையல் மிஷினில் ராடு சக்கரத்தைச் சுற்றுகிறதல்லவா, இதில் சக்கரம் ராடைத் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

தையல் மிஷினைப் போலவே இதற்கும் ஒரு திசை உண்டு. சரியான பக்கம் சுற்றினால் ராடு கிராஸ்ஹெட்டைக் கீழ்த்தகட்டோடு அமர்த்திக்கொண்டு தள்ளும். எதிர்ப்பக்கம் சுற்றினால் ஒவ்வொரு தள்ளலுக்கும் அதைத் தூக்கி மேல்தகட்டில் இடிக்கும். கொஞ்ச நேரம் இடித்தால் சத்தம். கொஞ்ச நாள் இடித்தால் தகடு போகும், ராடு போகும், பக்கத்தில் நிற்கிறவன் கையும் போகலாம். அதனால்தான் பம்பின் மேலேயே எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அம்புக்குறி வார்த்து வைத்திருக்கிறார்கள். கண் இருக்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

இந்த ஞானமெல்லாம் ஓமானில் கிடந்து நான் சம்பாதித்தது. ஊரில் இதற்கு ஒரு மரியாதையும் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். போன லீவில் லீலாபாய் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

டீச்சர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கணவர் விட்டுப்போன ரப்பர் ஷீட் குடோன் சும்மா கிடந்தது. ரப்பர் விலை கிடக்கிற கிடப்பில் அதை நம்பிப் பிரயோசனமில்லை என்று, கல்ஃபிலிருந்து பழைய பம்புகளை வரவழைத்துப் புதுப்பித்து அனுப்புகிற பட்டறை வைக்கத் துணிந்துவிட்டார். யார் யாரையோ பிடித்து, எண்ணெய்க் கிணறு துளைக்கிற ஒரு கம்பெனியிலிருந்து ஒரு பழைய பம்பு தூத்துக்குடி துறைமுகம் வழியாக வந்தும் சேர்ந்தது. அதைக் கொண்டுவந்த டிரெய்லர் தக்கலை தாண்டி ஒவ்வொரு வளைவிலும் திரும்ப முடியாமல் நின்றதும், பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்ஸில் இருந்தவர்கள் டீச்சரை வாழ்த்தியதும் தனிக்கதை.

பேச்சு இதுதான். இந்த ஒரு பம்பை நான் புதுப்பிக்க வேண்டும். கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்து ஓட்டிப் பார்ப்பார். பாஸ் ஆனால் இன்னும் ஐந்து பம்பு வரும். நான் நிரந்தர ஃபோர்மேன். ஃபெயில் ஆனால் குடோனில் பழையபடி ரப்பர் ஷீட் நாறும். நான் ஓமானுக்கு விமானம் ஏற வேண்டும். மச்சினன் எபின் அங்கே விசாவைத் தயாராக வைத்துக்கொண்டு, “அத்தான், ரெடி” என்று ஞாயிறு தவறாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். எனக்குப் போக வேண்டாம். என் மழையை என் ஓட்டுக்குக் கீழே படுத்துக் கேட்க வேண்டும். வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

லீவு முடிந்தும் போகாமல் இருந்து பம்பைப் பிரித்து, கழுவி, தேய்ந்த பேரிங்கை மாற்றி, கிராஸ்ஹெட்டுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியைத் தாள் கனத்துக்குச் சரிசெய்து கோத்தேன். அந்த மாதங்களில் வீட்டு சுவிட்சுகளையும் படித்துவிட்டேன். ஒரு நாள் இருட்டில் எழுந்து, தப்பாமல் அடுக்களை லைட்டைப் போட்டேன். ஜெப்சி, “கொள்ளாமே, வீட்டுக்காரரு ஆயிட்டியளே!” என்று மெச்சினாள். பேரிங் மாட்டினபோதுகூட அவ்வளவு பெருமை வந்ததில்லை.

முதல்முறை வெறும் ஓட்டம் ஓட்டிய அன்று பம்பு முனகக்கூட இல்லை. கிராஸ்ஹெட் மூன்றும் பூப்போலப் போய்வந்தன. நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். திறந்தபோது வாசலில் டீச்சரும், பக்கத்தில் நெற்றியில் சந்தனமும் கையில் டேப்புமாக ஒரு வாஸ்துக்காரரும் நின்றார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முன்பெஞ்சு. மூடநம்பிக்கையை எதிர்த்து ஸ்கூல் ஆண்டுவிழாவில் நாடகம் போட்டவர். நம்மூரில் அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை கிணறு வெட்டணும், படிக்கட்டு வைக்கணும் என்றால், எந்தக் கோவிலுக்குப் போகிறவனும் வாஸ்துக்காரருக்கு ஃபோன் போடுவான். ஆள் தெரியாமல் பின்வாசல் வழியாகக் கூட்டிவருவான். பின்வாசல் இருக்கிற திசை சரியில்லை என்று அவர் சொல்லிவிட்டால் அதையும் இடித்துக் கட்டுவான். இதில் மட்டும் எங்களுக்குள் மத வித்தியாசம் கிடையாது.

வாஸ்துக்காரர் புல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீச்சரின் காதில் ஏதோ சொன்னார். டீச்சரின் முகம் வாடியது.

“ததேயுஸ், இது இடத்தோட்டுல்லா சுத்துது?” என்றார் டீச்சர், விரலை இடப்பக்கமாகச் சுழற்றிக் காட்டி.

“ஆமா டீச்சர், அப்படித்தான் சுத்தணும். அம்பு போட்டிருக்குல்லா.”

“அம்பு வெள்ளக்காரன் போட்டது. அவனுக்கு என்ன தெரியும்? மாடிப்படியே வலத்தோட்டுத்தான் திரும்பணும். இம்மாதிரி பெரிய சக்கரம் இடத்தோட்டு சுத்தினா, வர்ற ஐசுவரியம் அப்படியே திரும்பி வெளியே போயிரும்னு சொல்லுகாரு.”

நான் வாஸ்துக்காரரிடம் திரும்பினேன். “ஓய், இங்க நின்னு பாத்தா இடத்தோட்டு. அந்தப் பக்கம் போய் நின்னு பாரும், வலத்தோட்டு சுத்தும்.”

“கடிகாரம் எங்கோட்டு சுத்துது?” என்றார் அவர், அசையாமல்.

“கடிகாரத்துக்குப் பின்னால நின்னு பாத்தா?”

“கடிகாரத்துக்குப் பின்னால சுவரு இருக்கும்.”

டீச்சரைக் கையோடு கூட்டிக்கொண்டு பம்பின் மறுபக்கம் போனேன். பல்சக்கரத்தின் தண்டு அந்தப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். அது நன்றாக வலம் சுற்றிக்கொண்டிருந்தது. டீச்சர் பார்த்தார். முகம் மலர்ந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பத்தடி நடந்தவர் நின்றுவிட்டார்.

“ஆனா ஐசுவரியம் முன்வாசல் வழியால்லா வரும்?”

“அப்போ இந்தப் பக்கத்துச் சுவரை இடிச்சு வாசல் வச்சிருவோம் டீச்சர்,” என்றேன் எரிச்சலில்.

வாஸ்துக்காரர் டேப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, “அது தெற்கு. எமன் வர்ற வாசல்,” என்றார்.

மறுநாள் காலை நான் பட்டறைக்கு வரும்போதே தூரத்திலிருந்து கேட்டது. டடக், டடக், டடக். என் நெஞ்சில் இடித்த மாதிரி இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பம்பு வலம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கிராஸ்ஹெட் மூன்றும் மேல்தகட்டில் மாறி மாறி இடிக்கின்றன. எலக்ட்ரீசியன் ஷாஜன் ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டு நிற்கிறான். மோட்டாருக்குப் போகிற மூன்று வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் மோட்டார் திரும்பிச் சுற்றும். அவ்வளவு சுலபம். அவ்வளவு சுலபமாக இருப்பதுதான் கஷ்டம்.

“லே, எவம்லே மாத்தச் சொன்னான்?”

“டீச்சர் சொன்னாவ அண்ணே.”

“மாத்து திரும்ப.”

“சரி அண்ணே.” மாற்றினான். மத்தியானம் நான் சோறு தின்னப் போனேன். வந்தபோது டடக், டடக்.

இப்படியே போயிற்று. காலையில் டீச்சர் கட்சி, மாலையில் என் கட்சி. ஷாஜனுக்கு இரண்டு பக்கமும் சாயாவும் பழம்பொரியும் கிடைத்தன. அவன் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த இரண்டு வயரையும் மாற்றிப் போடுகிற அளவுக்கு அவன் கை பழகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் எண்ணெய் மூடியைத் திறந்து தகட்டைத் தொட்டுப் பார்ப்பேன். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி தொடுவேன்.

இதற்கிடையில் டீச்சர் கல்தச்சர்கள் ஊரான மயிலாடிக்கு ஆள் அனுப்பி, திறப்புவிழாக் கல்வெட்டு ஒன்று செய்து கொண்டுவந்து வாசல் சுவரில் பதித்தார். கறுப்புக் கல்லில் வெள்ளை எழுத்து. மேலே டீச்சரின் பெயர், படிப்பு, பட்டம் எல்லாம். கீழே, ‘ஃபோர்மேன்: திரு. ததேயுஸ்’. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் நான் சண்டை போடாமலே வயரை மாற்றச் சொன்னேன். டீச்சரும் பார்த்துவிட்டுத் தடுக்காமல் போனார்.

இன்ஸ்பெக்டர் வருகிற நாள் விடிந்தது. முந்தின நாள் மாலை நானே நின்று சரியான பக்கத்துக்கு மாற்றி வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஜெப்சி புட்டை எடுத்து வைக்குமுன்பே கிளம்பிவிட்டேன். பட்டறை வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று. பம்புக்கு மாலை, புல்லியை மூடிய கம்பிக்கூட்டில் சாமந்திச் சரம், உள்ளே சக்கரம் இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்கு. கரண்டு பெட்டி இருக்கிற அறையிலிருந்து ஷாஜன் வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்தான். டீச்சர் தூரத்தில் நின்று அவனைப் பார்த்துத் தலையாட்டினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்கும் விடவில்லை! இந்த ஒரு நாள், என் பிழைப்பு தொங்குகிற இந்த ஒரு நாளும் விடவில்லை!

கரண்டு பெட்டியைத் திறந்தேன். உள்ளே, வயர்களுக்கு நடுவில், சிவப்பு நூலில் ஒரு எலுமிச்சம்பழம் தொங்கிக்கொண்டிருந்தது. குங்குமம் வேறு. ஷாஜனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். டீச்சரைக் கேட்டிருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? பழத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாக ரப்பர் தோட்டத்தில் எறிந்தேன். இரண்டு வயரையும் என் கையாலேயே மாற்றிப் போட்டு, பெட்டியைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஓட்டுவதற்கு முன் சுவிட்சைப் போட்ட வேகத்தில் அணைத்து மோட்டாரை ஒரு தட்டு தட்டி, சக்கரம் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்ப்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. பார்க்கத்தான் போனேன். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. என் கையால் மாற்றியது, இனி என்ன பார்க்க வேண்டியிருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் சேக் முகம்மது கோட்டாற்றுக்காரர்தான். ஆனால் மஸ்கட்டில் ரொம்ப காலம் இருந்து, சிரிப்பதற்கும் அனுமதி வாங்க வேண்டும் என்கிற மாதிரி ஆகியிருந்தார். கல்வெட்டைப் படித்தார். மாலையைப் பார்த்தார். விழாவுக்கு அழைத்திருந்த போதகர் ஜெபம் செய்தார். டீச்சர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அதில் ஒரு கனிவு இருந்தது. எனக்கு அந்தப் புன்னகையில் எரிந்தது. சுவிட்சைப் போட்டேன்.

டடக். டடக். டடக்.

முதலில் என் காதை நம்பவில்லை. பிறகு சாமந்திச் சரத்துக்கு நடுவில் பார்த்தேன். புல்லி, டீச்சரின் ஐசுவரியத்தை வாரி உள்ளே கொட்டுகிற மாதிரி, வலம் சுற்றிக்கொண்டிருந்தது.

சேக் முகம்மது கையைத் தூக்கினார். நிறுத்தினேன்.

டீச்சர் என் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல், “என்ன செய்தீய ததேயுஸ்?” என்றார். “நேத்து நீங்க வச்ச மாதிரியே கிடக்கட்டும்னுல்லா ஷாஜன்கிட்ட சொன்னேன். அதுக்குத்தானே வாஸ்துக்காரருகிட்ட பரிகாரம் கேட்டு, உங்க கண்ணுல படாம எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னேன். பழம் கட்டினா இடத்தோட்டு சுத்தலாம்னு சொல்லிட்டாரு. உங்களுக்காகத்தான் கேட்டேன்.”

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கியிருக்கலாம். துளை போடுகிற வேலையில்தானே இருந்தேன்.

சேக் முகம்மது பம்பை ஒரு சுற்று சுற்றிவந்தார். எண்ணெய் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கிராஸ்ஹெட்டைத் தடவினார். இடைவெளியை அளந்தார். பிறகு மாலையை ஒதுக்கி, அம்புக்குறியின் மேல் விரலை வைத்தார்.

“கோத்த கை நல்ல கை,” என்றார். “இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பாத்ததில்ல. ஆனா அம்பைப் பாக்காம, ஒரு தட்டுத் தட்டிப் பாக்காம ஓட்டுனது யாரு?”

“ரெண்டும் நான்தான் சார்,” என்றேன்.

“அப்படின்னா ரொம்ப மோசம்,” என்றார்.

வாஸ்து, எலுமிச்சம்பழம், வயர்ச் சண்டை எல்லாவற்றையும் அவரிடம் அவிழ்த்துவிட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. டீச்சர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். எலுமிச்சம்பழத்தால் ஓடுகிற பட்டறைக்கு எந்தக் கம்பெனிக்காரன் பம்பு கொடுப்பான்? சொன்னால் பட்டறை போகும். பட்டறை போனால் நானும்தான் போவேன். சொல்லாவிட்டால் நான் மட்டும் போவேன். தவிர, கடைசி மாற்று மாற்றினது என் கை. வாயை மூடிக்கொண்டேன்.

“இதை இப்போ சரியாக்க யாரால முடியும்?” என்று கேட்டார் சேக் முகம்மது.

நான் சாவியைத் தேடுவதற்குள் ஷாஜன் தன்னிடம் இருந்த இன்னொரு சாவியால் பெட்டியைத் திறந்து, இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிற நேரத்துக்குள் வயரை மாற்றி, மோட்டாரை ஒரு தட்டுத் தட்டி, சக்கரத்தைக் காட்டி, “இடத்தோட்டு, சார். சரியா?” என்றான்.

பம்பு ஓடியது. முழு அழுத்தத்திலும் முனகவில்லை. சேக் முகம்மது கண்ணை மூடிக் கேட்டார், அன்று நான் கேட்ட மாதிரியே.

“பம்பு பாஸ்,” என்றார். “அஞ்சும் அனுப்பச் சொல்லுவேன். ஆனா ஒண்ணு டீச்சர். திசை பாக்கத் தெரியாத ஃபோர்மேன் கையில எங்க பம்பைத் தரமுடியாது. இந்தப் பையன் போதும். இவ்வளவு வேகமா திசை மாத்துன ஆளை நான் மஸ்கட்லயும் பாத்ததில்ல.” கிளம்பும்போது டீச்சரைத் தனியே அழைத்து ஏதோ கேட்டார். பிறகுதான் தெரிந்தது, கோட்டாற்றில் அவர் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டு மாடிப்படிக்கு வாஸ்துக்காரரின் நம்பர் கேட்டிருக்கிறார்.

டீச்சர் அழுதார். என்னிடம் மன்னிப்பும் கேட்டார். ஐந்து பம்பை வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. ஜெப்சி பயணத்துக்கு முறுக்கு சுட மாவு பிசைந்தாள். விமானத்துக்குக் கிளம்புகிற அன்று வாஸ்துக்காரர் நல்ல நேரம் குறித்துக் கொடுத்து, வலதுகாலை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார், இலவசமாக. ஆத்திரத்தில் இடதுகாலை வைத்தேன். படியில் தடுக்கியது.

போன வாரம் காலையில் இங்கே ஷாஜன் வீடியோ காலில் வந்தான். இங்கே என்றால் ஓமான், அதே கேம்ப், கட்டில் மட்டும் வேறு. அவனுக்குப் பின்னால் பட்டறை வாசல் தெரிந்தது. கல்வெட்டின் மேல் ஆணியடித்துச் சட்டையைத் தொங்கவிட்டிருந்தான். டீச்சர் பெயர் தெரிந்தது, என் பெயர் இருந்த இடத்தில் சட்டைக் கை ஆடியது.

“அண்ணே, புது பம்பு வந்திருக்கு. இதுல அம்புக்குறி தேஞ்சுபோய்க் கெடக்கு. எங்கோட்டு சுத்தணும்?”

வயரை மாற்ற மட்டுந்தான் அவனுக்குத் தெரியும். எந்தப் பக்கம் என்று எப்போதும் வேறு யாராவதுதான் சொல்லியிருக்கிறோம்.

“லே மக்கா, நீ எங்க நின்னு பாக்க? அதைச் சொல்லு முதல்ல.”

“நம்ம பட்டறை வாசல்லதான் அண்ணே. இங்க நல்ல மழை. ஜெப்சி அக்கா சாயா குடுத்துவிட்டாவ, அதைக் குடிச்சிட்டு நிக்கேன்.”

ஃபோனில் மழைச் சத்தம் கேட்டது, ஓட்டில் விழுகிற மழை. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, லைன்ல இருக்கியளா?”

“இருக்கேன். அங்க நின்னு பாத்தா இடத்தோட்டுலே,” என்றேன். “ஓட்டுறதுக்கு முன்னால ஒரு தட்டுத் தட்டிப் பாத்துக்கோ.”